டெலித்தின் மூன்றாவது நேர்காணல்

பாறைகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிய டெலித், முப்பத்தைந்து வயதில் மூன்றாம் முறையாக மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குக் கிளம்பினாள்; ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கான நாலு வருஷப் படிப்பு. இதுவும் போனால் இனி விண்ணப்பிப்பதில்லை என்று வீட்டில் சொல்லியாயிற்று.

“ஏன்க்கா, கல்லு எதுவும் வயித்து வலின்னு உன்கிட்ட அழுததா?” என்றான், ஸ்வான்சீயிலிருந்து காரில் கொண்டுவந்து விட்ட தம்பி எம்ரிஸ்.

“வாய மூடுடா.”

உள்ளே வரிசையாக அறைகள். மணி அடித்தால் அடுத்த அறை. ஓர் அறையில் ஒரு நடிகை பக்கத்து வீட்டுக்காரியாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நாயை டெலித் காரேற்றிக் கொன்றுவிட்டதாகப் பாவனை. அதை அவளிடம் சொல்ல வேண்டும். மூலையில் ஒரு பேராசிரியர் மதிப்பெண் போடுவார்.

முன்பு இரண்டு முறையும் டெலித் கவிழ்ந்தது இப்படிப்பட்ட அறையில்தான். அப்போதெல்லாம் பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்த ஆறுதல் வார்த்தைகளை மணி அடிக்கும்வரை ஒப்பித்தாள். இம்முறை நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டாள்.

“உங்க நாய் செத்துப்போச்சுங்க. வண்டி ஓட்டினது நான்தான்.”

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று நடிகை கத்தினாள், அழுதாள். டெலித் குறுக்கே பேசவில்லை. அழுகை அடங்கிய பிறகு, “அதுக்குப் பேரென்ன?” என்று மட்டும் கேட்டாள்.

நடிகைக்குக் கொடுத்த வசனத்தில் நாய்க்குப் பேரே இல்லை. அவள் திணறி, தன் வீட்டு நாயின் பேரைச் சொன்னாள். பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

ஈஸ்டருக்கு முன்பே இடம் கிடைத்துவிட்டது. எம்ரிஸ் அக்காவைத் தூக்கிச் சுற்றினான்.

“டாக்டரம்மா, என் முதுகு போச்சு!”

“நாலு வருஷம் பொறுடா, பாத்துச் சொல்றேன்.”