கொப்புளக் கோலம்

அழகு நிலையத்தில் எல்லாருக்கும் அவள் புள்ளியக்கா. மருதாணி வைக்க உட்கார்ந்தால் முதலில் உள்ளங்கையில் புள்ளிதான் வைப்பாள். பிறகு வாசலில் போடுகிற சிக்குக்கோலம் அப்படியே விரல்நுனிவரை பின்னிக்கொண்டு ஓடும். இலையைத் தானே காயவைத்து, இடித்து, துணியில் சலித்துக் குழைத்து எடுத்து வருவாள். அது சிவக்க நாலு மணி நேரம் ஆகும். முதலாளியம்மாவுக்கு அந்த நாலு மணி நேரம்தான் கண்ணில் விழுந்த தூசி. ஒருநாள் பெட்டி நிறையக் கறுப்பு மருதாணிக் கோன்களை இறக்கினாள்.

"அரை மணி நேரத்துல கரேல்னு பிடிக்கும். இனிமே இதுதான். உன் உரலை மூட்டை கட்டு."

"இதுல இலையே இல்லீங்க. தலைச்சாய வாடை அடிக்குது."

"ஊர்ல உனக்கு மட்டும்தான் மூக்கு இருக்கா?"

புள்ளியக்கா தன் இடது முன்கையிலேயே அந்தக் கறுப்பால் ஒரு சின்னக் கோலம் போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள், போட்ட கோடு பிசகாமல் கொப்புளமாக எழும்பிவிட்டது. எரிச்சலில் உயிர் போயிற்று. முதலாளியம்மாவிடம் நீட்டினாள்.

"உனக்கு ஒத்துக்கலை, அவ்வளவுதான். முழுக்கை ரவிக்கை போட்டு மூடிக்கோ. வர்றவங்க கண்ணுல பட்டுது, தெரியும் சேதி!"

மறுநாள் முழுக்கையோடுதான் வந்தாள். முன்கூட்டியே மாதிரி வைத்துப் பார்க்க வந்த கல்யாணப்பெண் ஒருத்தி உட்கார்ந்து கையை விரித்ததும், புள்ளியக்கா தன் ரவிக்கைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டாள்.

"பாத்துக்கோம்மா. அந்தக் கறுப்பு வச்ச கை இது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. உனக்கு ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

பெண்ணோடு வந்த அத்தை, "ஐயையோ!" என்று பெண்ணின் கையை இழுத்துக்கொண்டாள். முதலாளியம்மா பாய்ந்து வந்தாள். "வெளிய போடி!"

"போறேங்க. எல்லாரும் ஒருவாட்டி பாத்துடட்டும்."

ஒவ்வொரு நாற்காலியாக நின்று காட்டிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

அண்ணியின் தையல் கடையில் ஒரு மூலை கிடைத்தது. ஒரு வாரம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

"ஒரு மன்னிப்பு கேட்டா கொறைஞ்சா போயிடுவே?" என்றாள் அண்ணி.

"கொப்புளம் என் கையில. மன்னிப்பும் நானேவா கேக்கணும், அண்ணி?"

எட்டாம் நாள், இடம் விசாரித்துக்கொண்டு அந்த அத்தை கல்யாணப்பெண்ணோடு இன்னும் நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். உட்காரப் போதிய முக்காலி இல்லை. அண்ணி துணிக்கட்டுகளை ஒதுக்கி இடம் செய்துவிட்டு, தையல் சுண்ணாம்பை எடுத்துக் கதவில் பெரிதாக எழுதினாள்: 'இலை மருதாணி மட்டும். அவசரக்காரர்கள் வேறு கடை பார்க்கவும்.'