மெழுகுக் குச்சி இறக்கை

என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி சோறு இல்லாமல்கூட இருப்பார், சீப்பு இல்லாமல் இருக்கமாட்டார். ஐம்பது வயதிலும் நெற்றியில் வந்து விழுகிற முடி. தீப்பெட்டி ஆபீசில் குச்சியை மெழுகில் முக்குகிற ஆளுக்கு எதற்கு இத்தனை சிங்காரம் என்று கேட்டால் மூஞ்சி சுருங்கிவிடும். அந்த முடியைத்தான் அவர் என் விமானத்தின் மேல் பந்தயம் வைத்தார்.

2006 பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் தம்பி பாலகுரு, என் மகள் ஓவியாவுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தான். மரத்துண்டுகளை ஒட்டி, ரப்பரை முறுக்கிப் பறக்கவிடுகிற விமானம். பஸ்ஸில் அதன் மேலேயே சூட்கேசை வைத்திருக்கிறான், புத்திசாலி. இறக்கைக் கட்டைகள் நொறுங்கிவிட்டன. ஓவியா எட்டிப் பார்த்துவிட்டு டிவிக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் பெட்டியில் இருந்த படத்தை விட்டுக் கண் நகரவில்லை. இறக்கையை நானே செய்தால் என்ன?

"பட்டாசுக்குத் தாள் சுத்துறவ ஏரோப்பிளான் விடப்போறாளாம்!" தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார் இவர். "இது மட்டும் பறக்கட்டும், இருக்கன்குடி ஆத்தாளுக்கு மொட்டை போடுறேன்."

"ஆத்தா பேரைச் சொல்லிட்டீக, பாத்துக்கிடுங்க."

எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. தாளும் பசையும் என் கைக்குப் பழக்கம். குச்சி இவர் தொழில். மருந்து முக்காத குச்சியாகக் கொண்டுவரச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். குச்சிகளை முனைக்கு முனை சேர்த்து நீளமாக்கினேன். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சி ஒட்டி, மேலே மெல்லிய ரோஸ் தாளை இழுத்துப் போர்த்தினேன். என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வறண்ட கண்மாய்க்குள் நின்று ரப்பரை முறுக்கினேன். வீசுவதற்கு முன்பே இறக்கை இணைப்பு இணைப்பாகக் கழன்று தொங்கியது. இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு குச்சியைச் சுரண்டிப் பார்த்தேன். முனையில் மெழுகு! மெழுகில் எந்தப் பசை ஒட்டும்?

"முடியக் காப்பாத்த மெழுகுக் குச்சியக் குடுத்து ஏமாத்திட்டீகளே! நல்லாருப்பீகளா நீங்க?"

இவர் முகம் சப்பென்று ஆகிவிட்டது. "ஏ கிறுக்கி, மெழுகு ஏறுன குச்சிதான் நல்லாப் பத்தும். நல்லதாக் குடுக்கணும்னு கோணல் இல்லாம ஒண்ணு ஒண்ணாப் பொறுக்குனேன் புள்ள."

பத்தவைக்கவா கேட்டேன், பறக்கவல்லவா கேட்டேன்! திட்ட வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் கேட்காமலே வெறும் குச்சி கொண்டுவந்தார். நான் ஒட்ட ஒட்ட, பக்கத்தில் உட்கார்ந்து ஊதி ஊதிக் காயவைத்தார். அடிக்கடி ஒரு கை மட்டும் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு வீசினேன். விர்ரென்று கிளம்பிக் கருவேல மரத்துக்கு மேலேயே போய்விட்டது. "ஏலே, போகுதுலே! போகுதுலே!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடினார் இவர். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

திரும்பி வந்தவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. "மொட்டையெல்லாம் வேணாம், விடுங்க. ஆத்தாளுக்குப் பொங்கல் வச்சிருவோம்."

"சாமிகிட்டயே பேச்சு மாறச் சொல்லுதியா?" என்று என் மேலேயே எரிந்து விழுந்தார்.

இருக்கன்குடி போய்வந்த மறுநாள் காலையில், வேலைக்குப் போகிற கம்பெனி வண்டிக்காக நாங்களெல்லாம் நின்றுகொண்டிருந்தோம். சந்தனம் அப்பிய அந்தத் தலையைப் பார்த்து எதிர்வீட்டுச் செல்லச்சாமி கேட்டார்: "என்ன மாப்ள, என்ன வேண்டுதல்?"

ஏதாவது பொய் சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எம் பொண்டாட்டி செஞ்ச ஏரோப்பிளான் பறந்துருச்சுல்லா, அதுக்கு!" என்றார் இவர், தெருவுக்கே கேட்கிற மாதிரி.