நாற்பத்தொரு கட்டைவிரல்கள்

வியாழன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால்தான் இதில் என் தப்பு எவ்வளவு என்று எனக்கே தெரியும்.

மாலை வகுப்பில் எங்கள் குழுவில் மூன்று பேர். ஒருவர் செருப்புக்கடையில் வேலை பார்க்கும் அண்ணன், தன்னைத்தானே தலைவராக்கிக்கொண்டவர். இன்னொருவர் பேருந்து அலுவலகத்து அக்கா. குழு அரட்டையில் எது போட்டாலும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் போடுவார். "இரண்டாம் பகுதியை யார் எழுதுவது?" என்று கேட்டேன். கட்டைவிரல். மூன்றாவது ஆள் நான், மருந்துக்கடை கவுண்ட்டரில் நிற்பவள். இந்த அறிக்கையில் தேறினால் சரக்கறைப் பொறுப்பு எனக்கு என்று முதலாளி சொல்லியிருக்கிறார். தேறாவிட்டால் அது அவருடைய மச்சானுக்கு.

தலைப்பு, காலாவதியாகும் மருந்துகளைக் குறைப்பது எப்படி. அவரவர் இடத்திலிருந்தே எழுதலாம் என்று ஆன்லைனில் ஒரு பொதுக் கோப்பு திறந்தோம். ஆறு வாரத்தில் அண்ணன் தலைப்பின் நிறத்தை நான்கு முறை மாற்றினார். நான் 212 பெட்டிகளைச் சோதித்துப் பதினொரு பக்கம் எழுதினேன். ஆனால் நேரடியாக எழுதவில்லை. அதில் 'பரிந்துரை' என்று ஒரு முறை உண்டு. எழுதுவது பச்சையாக நிற்கும். யாராவது பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் கோப்பில் சேரும். தப்பாக இருந்துவிட்டால் என்ற பயம் எனக்கு. யாராவது பார்க்கட்டும் என்று விட்டேன். யாரும் பார்க்கவில்லை.

இன்று ஏழரைக்குள் சமர்ப்பிக்க வேண்டும். ஆறே முக்காலுக்கு வகுப்புக்குள் நுழைந்தேன். அண்ணன் கணினி முன்னால் பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

"வா தங்கச்சி. ஒரே பச்சை பச்சையா கெடந்துச்சு, பார்க்கவே சகிக்கல. எல்லாத்தையும் நிராகரின்னு ஒரு பட்டன் இருந்துச்சு, ஒரே தட்டு! இப்ப பாரு, எவ்ளோ சுத்தம்."

சுத்தமாகத்தான் இருந்தது. மேலே நீலத்தில் தலைப்பு. கடைசியில் அண்ணன் நேற்றே தட்டியிருந்த ஒரு வரி: 'மூவரும் சமமாக உழைத்தோம்.' நடுவில் ஒன்றுமில்லை.

"அண்ணே, அந்தப் பச்சைதான் அறிக்கை."

"அப்படியா? சொல்லவேயில்ல!"

"சூப்பரா இருக்குப்பா," என்றார் அக்கா, திரையைப் பார்க்காமலே.

பழைய பதிப்புகளுக்குள் போய், மதியம் இருந்த கோப்பை மீட்டேன். அதற்கு வழி இருக்கிறது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

"பார்த்தியா, ஒண்ணும் ஆகல. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டே," என்றார் அண்ணன்.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நாலாம் பக்கத்த மட்டும் பார்த்துட்டு, நீங்களே ஏத்துக்கறீங்களா அண்ணே?"

"மருந்தப் பத்தி எனக்கென்னம்மா தெரியும்? கால் அளவு கேளு, பார்த்த உடனே சொல்றேன்."

ஆறு வாரமாக இவரிடமா அனுமதி கேட்டு நின்றேன்? அவர்மேல் வந்த இளக்காரத்தில் பாதி என்மேலேயே திரும்பியது. நாலாம் பக்கத்தை நானே பார்த்தேன். காலாவதியான பெட்டிகள் அட்டவணையில் 37, கீழே வாக்கியத்தில் 38. என் குறிப்பேட்டைப் புரட்டினேன். 37தான். பரிந்துரை முறையை விட்டு வெளியே வந்து, நேரடியாகத் திருத்தினேன். பிறகு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். பச்சை கறுப்பானது.

மிச்சம் அந்தக் கடைசி வரி. யார் என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான் ஆசிரியை தனித்தனியாக மதிப்பெண் போடுவார். வரியை அழித்தேன். அரட்டையைத் திறந்து எண்ணிவிட்டு எழுதினேன்.

'செருப்புக்கடை அண்ணன்: தலைப்பின் நிறம், நான்கு முறை. பேருந்து அலுவலக அக்கா: கட்டைவிரல், நாற்பத்தொன்று. மீதி: நான்.'

"என்ன தங்கச்சி, இப்படிப் போட்டுட்டே?"

"எண்ணித்தான் போட்டேன் அண்ணே. தப்பா இருந்தா பரிந்துரையா எழுதுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

ஏழு இருபத்து மூன்றுக்குச் சமர்ப்பித்தேன். அரட்டையிலும் 'சமர்ப்பித்துவிட்டேன்' என்று ஒரு செய்தி போட்டேன்.

திரும்பும் பேருந்தில் சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டு. பிறகுதான் பார்த்தேன், கடைசி விரல் 'சமர்ப்பித்துவிட்டேன்' என்ற செய்திக்கு வந்தது.

அப்படியானால் நான் எழுதியது சரிதான்.