மஞ்சள் கதவு ஸ்டாப்பின் வரலாறு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நூலக ஆண்டு மலருக்காக எழுதத் தொடங்கிய கட்டுரை. எங்கள் புறநகரின் வரலாறும் முக்கிய இடங்களும் பற்றி நாலு பக்கம் கேட்டார்கள். ஆரம்பித்தேன்:

"முப்பது ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி வெறும் பொட்டலாக..."

(எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.)

2

"தண்ணீர்த் தொட்டி, தபால் நிலையம், மேம்பாலம் ஆகிய மூன்றும்..."

வேண்டாம். இங்கே வழி கேட்டால் யாரும் தொட்டியைச் சொல்வதில்லை. தையல்கார அக்கா வீட்டுக் கதவைத்தான் சொல்வார்கள்.

3

பேருந்து முதன்முதலாக வந்தபோது இங்கே இருந்தது அக்கா வீடு ஒன்றுதான். எங்கேயோ மீந்த மஞ்சள் பெயிண்டை அவள் கணவர் கதவில் பூசி வைத்திருந்தார். அக்கா ஆசைப்பட்ட நீலத்தை அடுத்த வாரம் அடிப்பதாகப் பேச்சு. அதற்குள் நடத்துனர், "மஞ்சள் கதவெல்லாம் இறங்கு!" என்று கத்திவிட்டார். பிறகு வந்த கடைகள், பள்ளிக்கூடம் எல்லாவற்றின் முகவரியிலும் மஞ்சள் கதவு ஏறிக்கொண்டது. அந்த அடுத்த வாரம் இருபத்தெட்டு வருடமாக வரவேயில்லை.*

* கணவரை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மனிதர் சாது. ஊர் கேட்டுக்கொண்டபோதெல்லாம் மஞ்சளையே புதுப்பித்தார், அவ்வளவுதான்.

4

போன ஞாயிறு காலை அக்கா நீல டப்பாவைத் திறந்தாள். ஐந்தே நிமிடத்தில் வாசலில் கூட்டம்.

"அக்கா, போர்டு, பில்லு எல்லாத்தையும் மாத்தணும்க்கா!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"உங்க போர்டுக்காகவா நான் கதவு வச்சிருக்கேன்? நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு கலர். அதுக்கு ஊரையே கேக்கணுமா?"

கணவர் தொண்டையைச் செருமினார். "வேணும்னா அடுத்த வாரம்..."

அக்கா திரும்பிப் பார்த்தாள். (கணவரின் வாக்கியத்தை நான் அடிக்கவில்லை, அவரே நிறுத்திக்கொண்டார்.) பிறகு உள்ளே போய் ஏணியைக் கொண்டுவந்து, அவள் ஏறப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா மனம் இளகி டப்பாவை மூடுகிறாள். அது அவளுக்குச் செய்யும் துரோகம், கிழித்துப் போட்டேன். இன்னொன்றில் கதவு பாதி மஞ்சள், பாதி நீலம். படித்துக் காட்டியபோது, "ரெண்டுங்கெட்டானா இருக்கே!" என்று அக்காவே சிரித்துவிட்டாள்.

ஆகவே கதவு முழுக்க நீலம். அக்காவின் கை, மூக்கு நுனி எல்லாம் நீலம். தள்ளி நின்று பூரிப்போடு பார்க்கிறாள்.

பேருந்து வருகிறது. நடத்துனரம்மா கதவைப் பார்க்கிறார், அக்காவைப் பார்க்கிறார், திறந்த வாயோடு உங்கள் பக்கம் திரும்புகிறார். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். என்னவென்று கத்தட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள், பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.