சத்தமில்லாத மூச்சு

எங்கள் வீட்டு மகாராணி ஒன்பது கிலோ பிரெஞ்சு புல்டாக் நாய். அவள் குறட்டை விட்டால், லாரி கிளம்புகிறது என்று தெருவே ஒதுங்கி நிற்கும். அந்தச் சின்ன உடம்பைக் குட்டி போட வைக்கலாம் என்று முடிவெடுத்த மேதை நான்தான். பாதித் தெருவுக்குக் குட்டி தருவதாக வாக்கும் கொடுத்திருந்தேன்.

குட்டிகளின் தலை பெரிது, அவள் இடுப்போ குறுகல். ஆபரேஷன் செய்துதான் மூன்றையும் வெளியே எடுத்தார்கள். என்னையும் மனைவியையும் உள்ளே கூப்பிட்டபோது மகாராணி மேசையில் கிடந்தாள். குறட்டைச் சத்தமே இல்லை. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"டாக்டரம்மா, போயிட்டாளா?"

"நல்லா பாருங்க சார், முழிச்சுதான் இருக்கா."

தொண்டையில் குழாயோடு மகாராணி எங்களைப் பார்த்தாள். நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது.

"மத்த நாயெல்லாம் முழிச்சதும் குழாயைத் துப்பப் பார்க்கும். இவ விட மாட்டேங்கிறா. பொறந்ததுலேருந்து இப்பதான் தாராளமா மூச்சு விடுறா."

உலக அதிசயம் ஏழையும் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும் நான் திரும்பியிருக்க மாட்டேன். அந்த மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாலு வருஷமா இவ மூச்சுத் திணறினதைக் குறட்டைன்னு சிரிச்சோமேங்க," என்றாள் மனைவி.

குழாயை எடுத்ததும் லாரி மறுபடி கிளம்பியது. யாரும் சிரிக்கவில்லை.

"இவளுக்குக் கருத்தடை எப்பம்மா பண்ணலாம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி தெருவுல போய்ச் சொல்லிட்டு வாங்க, வள்ளலே!" என்றாள் மனைவி.