நால்வர் மெதுவாக வாசித்த பிற்பகல்

1

இந்தக் கதையை என் இடது காதிலிருந்து எடுத்தார்கள். அலங்காரமாகச் சொல்லவில்லை. சில நாட்களாகக் காது அடைத்துக்கொண்டு, மனைவி பேசுவதெல்லாம் அடுத்த வீட்டு டிவி மாதிரி கேட்டது. டாக்டர் குறும்பியை எடுத்துப் போட்டுவிட்டு, "எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துருங்க" என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

அங்கே சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் என்னை உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" என்றார் காது சோதிப்பவர். அழுத்தினேன். காதில் குறையொன்றும் இல்லை என்றார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். கதை எழுதுகிறேன் என்றதும் கதவை உள்ளே தாளிட்டார்.

"சார், ஒரு பாட்டு போடறேன். என்ன கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"என் பொண்டாட்டியும் அதையேதான் சார் சொன்னா."

(நான் சொன்ன பதிலை இங்கேயே எழுதினால் கதை இந்தப் பக்கத்தோடு முடிந்துவிடும். நான்காம் பகுதிவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: ராக் இசை என்பது அடிப்படையில் ஒரு தலைமுறையின் எதிர்ப்புக்

(வேண்டாம். இப்படித் தொடங்கிய எதையும் நானே முழுதாகப் படித்ததில்லை.)

இன்னொன்று: மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்

(பெய்யவில்லை. கேட்டுப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்ததாம். மாலையும் இல்லை.)

மற்றொன்று: ஓர் ஊரில் ஒரு ரசிகர் இருந்தார்.

இது தேவலை. அப்படியே போகிறேன்.

ஓர் ஊரில் ஒரு ரசிகர் இருந்தார். பகலில் மற்றவர்களின் காதைச் சோதிப்பார். மிச்ச நேரத்தில் தன் காதை ஒரே ஒரு இசைக்குழுவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார். அந்தக் குழுவை ரசிகர்கள் நால்வர் என்பார்கள். பாடகர், கிதார்காரர், பேஸ்காரர், டிரம்ஸ்காரர். அவர்கள் பிரிந்து வெகுகாலம் ஆகிறது. ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் ஆடு வளர்க்கிறார், மற்ற இருவரும் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ரசிகர்களுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. இணையத்தில் அவர்களுக்கென்று ஒரு மன்றம் இருக்கிறது. அதில் நம்முடையவருக்குப் பெயர் டெசிபெல்.

3

டெசிபெல் நால்வரின் வெளியான ஆல்பங்களைக் கேட்பதே இல்லை. அது கல்யாண போட்டோ பார்ப்பது மாதிரி என்பார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அவருக்கு வேண்டியது மேடைப் பதிவுகளும் வெளிவராத பதிவுகளும். பேஸ்காரரின் கம்பி அறுந்து, மற்ற மூவரும் அதை மறைக்கத் திண்டாடும் பதிவு. ஒத்திகையின் நடுவே டிரம்ஸ்காரர் "கதவைச் சாத்து, காத்து வருது" என்று எரிந்துவிழும் பதிவு. அந்தக் கதவு சாத்தும் ஓசைக்கு டெசிபெல் தனியாக மதிப்பெண் போட்டிருக்கிறார். பத்துக்கு ஏழு.

(இந்த இடத்தில் நான் அவரைச் சந்தேகித்தேன். கதவுக்கு யாராவது மார்க் போடுவார்களா? கேட்டேன். "நல்ல கதவு சார்" என்றார்.)

அவர் மதிப்பீடுகளிலேயே புகழ்பெற்றது 'பிற்பகல் பதிவு' பற்றியது. நால்வர் இந்த ஊருக்கு வந்தது ஒரே ஒரு தடவை. பெரிய அரங்கு கிடைக்காமல் ஒரு பழைய ஹாலில், பட்டப்பகலில் வாசித்தார்கள். யாரோ ஒருவர் கோட்டுக்குள் டேப் ரெக்கார்டரை ஒளித்துவைத்து எடுத்த பதிவு அது. பாதிவரை இடி இடிக்கிறது. திடீரென்று பாட்டின் நடுவில் ஒரு மனிதக் குரல், புரியாத ஒரு கத்தல். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. பிறகு நால்வர் அதற்கு முன்னும் பின்னும் வாசிக்காத ஒரு பாட்டைப் பூனை நடப்பதுபோல் வாசிக்கிறார்கள். பாடகர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். ரசிகர்கள் அதைக் காதில் விழுந்தபடி எழுதி, பாட்டுக்கும் அதையே பெயராக வைத்துவிட்டார்கள்: 'பபட்டுங்குடு'. பாட்டின் முடிவில் எந்த வாத்தியம் என்றே சொல்லமுடியாத ஒரு மெல்லிய, நீண்ட ஒலி. அது அடங்குவதற்குள் நால்வரும் கூரை பிய்கிற மாதிரி வெடிக்கிறார்கள்.

ஏன் இறங்கினார்கள்? ஏன் வெடித்தார்கள்? மன்றத்தில் இதற்காகச் சண்டைகள் நடந்திருக்கின்றன. ஆம்ப்ளிஃபயர் புகைந்தது என்றது ஒரு கட்சி. அழிந்துபோன மொழியொன்றின் மந்திரம் என்றது இன்னொன்று. டெசிபெலின் மதிப்பீடு எல்லோர் வாயையும் அடைத்தது. கிதார்காரரின் தாயார் அந்த வாரம்தான் இறந்திருந்தார். 'இது துக்கத்தின் ஒலியளவு' என்று எழுதினார் டெசிபெல். அந்த வரியைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. கடல்தாண்டி ஒரு நாட்டில் தாடிக்காரர் என்ற ரசிகர், தன் மகளுக்கே பபட்டுங்குடு என்று பெயர் வைத்தார்.

பிற்பகல் பதிவுக்கு டெசிபெல் போட்டது ஒன்பதரை. அந்த மெல்லிய ஒலி கடைசியில் சற்றுச் சுருதி இறங்குகிறது என்று அரை மார்க்கைப் பிடித்துக்கொண்டார்.

4

டெசிபெலின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். டெசிபெலின் ஹெட்ஃபோன் ஒயர் அறுந்துபோயிருந்ததால், வேறு வழியில்லாமல் பிற்பகல் பதிவை ஸ்பீக்கரில் வைத்தார். கல்யாணமான இத்தனை வருடங்களில் அந்தப் பாட்டு அந்த வீட்டில் வாய்விட்டு ஒலித்தது அன்றுதான்.

டீச்சர் தாளிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார். "யார் வீட்டுப் பாப்பா?"

"என்ன பாப்பா?"

"பாப்பா தூங்குது, பாப்பா தூங்குதுன்னு பாடறானே. யார் வீட்டுப் பாப்பா?"

டெசிபெல் பதிவை நிறுத்தினார். திரும்ப வைத்தார். பபட்டுங்குடு. மறுபடி வைத்தார். பாப்பா தூங்குது. அதற்குப் பிறகு அவரால் அதை வேறு எப்படியும் கேட்கவே முடியவில்லை.

(காது சோதிப்பவருக்கே இது எப்படிக் கேட்காமல் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அவர் பாட்டைக் கேட்பதற்கு முன்பே அதன் பெயரை வேற்று மொழி எழுத்தில் படித்துவிட்டார். கண் சொன்னதைக் காது கேட்டுக்கொண்டது. வேற்று நாட்டுப் பாடகன் வாயில் நம் வீட்டுச் சொல் இருக்குமென்று யார் எதிர்பார்ப்பார்கள்?)

"அதுக்கு முன்னாடி ஒரு ஆள் கத்தறாரே, அதைப் போடுங்க" என்றார் டீச்சர். போட்டார். டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார்.

"இது எங்கப்பா குரல்ங்க."

5

இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டு முற்றிலும் வேறு வேலை பார்த்தேன். பாத்திரம் துலக்கினேன். ஒரு ரசிகன் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த மர்மக் குரல் அவனுடைய மாமனாருடையது என்பதை நான் கற்பனையில் எழுதியிருந்தால் பத்திரிகைகள் திருப்பி அனுப்பியிருக்கும்.

ஒரு வரைவில் மாமனாரை எடுத்துவிட்டு முன்பின் தெரியாத ஒரு கிழவரைப் போட்டுப் பார்த்தேன். நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிழவரிடம் டெசிபெல் ஒரு நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். மாமனார் என்றால் அப்படி ஏறிவிட முடியாது. ஆகவே மாமனாரே இருக்கட்டும்.

6

மாமனார் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். அந்தச் சத்தத்தில் காது போய்விட்டது. மருமகன் காதுக்காரர்; மாமனாரோ காது மெஷின் வைத்துக்கொள்ள மாட்டேன் என்பவர். மகள் அழுதும் பார்த்துவிட்டாள். "கேக்காம என்ன குறைஞ்சுபோச்சு? உங்கத்தை திட்டறது இப்ப பாதிதான் வந்து சேருது" என்பார் மாப்பிள்ளையிடம்.

இந்தத் தடவை டெசிபெல் வேறு விதமாகக் கேட்டார். மாமனார் காதருகே குனிந்து, சத்தமாக:

"மாமா, எனக்காக ஒரு பாட்டு கேக்கணும். நீங்கதான் சாட்சி."

சாட்சி என்ற சொல் வேலை செய்தது. மறுநாள் காலை சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தார். டெசிபெல் இரண்டு காதிலும் மெஷினைப் பொருத்தினார். கூடவே வந்திருந்த மகள் கதவோரம் நின்றாள். பதிவு ஓடியது.

இடி இடித்தபோது மாமனார் முகத்தைச் சுளித்தார். பிறகு அந்தக் கத்தல் வந்தது. அவர் முதுகு நிமிர்ந்தது.

"அட, நான்."

"எப்படி மாமா?"

"நம்ம பழைய வீட்டுப் பின்சுவரும் அந்த ஹாலோட சுவரும் ஒண்ணு. நான் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்திருக்கேன். சுவரே அதிருது. நேரா எந்திரிச்சுப் போனேன். வாசல்ல நின்னவன் என் மூஞ்சியப் பாத்துட்டு வழி விட்டுட்டான். மேடைக்குக் கீழ நின்னு, பாப்பா தூங்குது, மெதுவா வாசிங்கன்னு கத்தினேன். புரியல. கன்னத்துல கைய வெச்சுக் காட்டினேன். முடி வளத்த பையன் ஒருத்தன் தலைய ஆட்டினான். மெதுவா வாசிச்சாங்க. நல்ல பசங்க."

"துக்கமெல்லாம் இல்லையா?" என்றார் டெசிபெல்.

"யாருக்கு?"

டெசிபெலுக்குப் பனியன்கள் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஆனா மாப்ள, ஒண்ணு சொல்லணும்." மாமனார் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "பாப்பா அந்தச் சத்தத்துலயும் நல்லாத்தான் தூங்கிட்டிருந்தது. தூக்கம் வராதது எனக்கு. பெரிய ஆளு தூங்கணும்னா எவன் கேப்பான்? அதான் பாப்பா பேர்ல சொன்னேன்."

"அச்சு மெஷின் சத்தத்துலயே இருந்தவரு, பாட்டுச் சத்தத்துல தூங்க முடியலியா?" என்றார் டெசிபெல்.

"மெஷின் ஒரே தாளத்துல போகும். இவங்க மாத்திக்கிட்டே இருந்தாங்க."

நால்வரைப் பற்றி அதைவிடச் சுருக்கமான விமர்சனத்தைத் தான் படித்ததில்லை என்று டெசிபெல் பின்னால் என்னிடம் சொன்னார்.

7

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மெல்லிய நீண்ட ஒலி வந்தது. மாமனார் சிரிக்கத் தொடங்கினார்.

"சத்தம் நின்னதும் முழிச்சுக்கிச்சு. பழகின சத்தம் இல்லைன்னு வீல்னு அழுகை. என்ன செஞ்சும் அடங்கல. தூக்கிக்கிட்டு மறுபடியும் ஹாலுக்கே போனேன். பழையபடி வாசிங்கப்பான்னு கையக் காட்டினேன். போட்டாங்க பாரு. உடனே தூங்கிட்டா."

கதவோரம் நின்ற டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"அந்தச் சத்தம் நானா?"

டெசிபெல் தலையசைத்தார். கல்யாணத்துக்குப் பத்து வருடம் முன்பிருந்தே அவர் அந்த ஒலியைக் காதலித்துவந்தவர். அதை எத்தனையோ விதமாக வர்ணித்திருக்கிறார். 'மனிதக் கை தொடாத நாதம்' என்றுகூட எழுதியிருந்தார். இப்போது ஏதாவது சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால்

(நானாக இருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.)

"அதுக்குத்தான அரை மார்க் குறைச்சீங்க?" என்றார் டீச்சர்.

"சுருதி கொஞ்சம் இறங்குது."

"எனக்கு அப்ப எட்டு மாசம்."

"மதிப்பீடுன்னா மதிப்பீடுதான்" என்று சொல்லிவிட்டார் டெசிபெல். ரசிகராக இருப்பதன் ஆபத்து இதுதான். அந்த வாரம் வீட்டில் டீச்சர் அவரிடம் கணக்கு டீச்சராக மட்டுமே பேசினார். கேள்விக்கு விடை, விடைக்குக் கீழே கோடு. கடைசியில் டெசிபெலே இறங்கிவந்து அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டார். சுருதி இறங்கத்தான் செய்கிறது. ஆனால் அது குழந்தை அப்பாவின் தோளில் முகத்தைப் புதைக்கும்போது இறங்குகிறது. இதை மனைவியிடம் சொன்னார். டீச்சர் மார்க்கைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை. அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

8

முடிவுகள். என்னிடம் சில இருக்கின்றன.

டெசிபெல் உண்மையை மன்றத்தில் எழுதுகிறார். யாரும் நம்பவில்லை. மாமனாரின் குரலைப் பதிவுசெய்து போடுகிறார். துக்கக் கட்சியினர் அவரை மன்றத்தைவிட்டு விலக்குகிறார்கள். (கசப்பு. டெசிபெல் படித்தால் வருத்தப்படுவார்.)

ஆடு வளர்க்கும் பேஸ்காரர் மாமனாரைத் தேடி வருகிறார். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். (ஆட்டைவிட்டு அவர் எங்கும் போவதில்லையாம்.)

மாமனார் மெஷினைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார். (இதை எழுதி முடித்தபோது டெசிபெலிடமிருந்து போன் வந்தது. மாமனார் கழற்ற மறுக்கிறாராம். தினம் ஒரு பதிவு கேட்கிறாராம். அத்தை திட்டுவதும் முழுசாக வந்து சேர்கிறது. அதற்கு இப்போதெல்லாம் பதிலும் சொல்கிறாராம். ஆக இதுவும் போயிற்று.)

9

போன் வந்தது மாமனாரைப் பற்றிச் சொல்ல மட்டுமல்ல. "ஒரு நடை வாங்க சார்" என்றார் டெசிபெல். போனேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு செய்தி இருந்தது. எழுதியவர் தாடிக்காரரின் மகள்.

தன் பெயருக்கு அப்பா 'விடியலின் தாய்' என்று பொருள் சொல்லியிருந்தாராம். வேலையில் சோர்ந்த நாட்களில் அதை நினைத்துக்கொள்வாளாம். இப்போது பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறது, பெண் குழந்தை, அதே பெயரை வைக்க ஆசை. ஆனால் கூட வேலைசெய்யும் ஒருவர், இது நால்வர் அன்று வாசித்த ஊரின் பேச்சுபோல இருக்கிறதே என்று சொன்னாராம். உங்களைவிட இந்தப் பதிவை அறிந்தவர் இல்லை. என் பெயருக்கு உண்மையில் என்ன பொருள்?

மாமனார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, டெசிபெல் வாசித்துச் சொன்ன முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்ல வேண்டியதுதானே" என்றார்.

"பாப்பா தூங்குதுன்னா மாமா?"

"நல்ல பேருதான்."

"அதுவே பொய்ச் சாக்காச்சே. தூங்க நெனச்சது நீங்க."

"அந்தப் பொண்ணுக்கு வெச்ச பேரு அதனால எப்படிப் பொய்யாகும்?"

டெசிபெல் ஒரு வரி எழுதினார், அழித்தார். விடியலின் தாய் என்பது சரியே என்று எழுதினார், அதையும் அழித்தார். பிறகு விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார்.

"நீங்கதான் எழுதறவரு. நீங்களே எழுதுங்க."

எழுதுகிறவன்தான். அழகான பொய்யும் எழுதத் தெரியும், உண்மையை உறுத்தாமல் எழுதவும் தெரியும். இரண்டும் தெரிந்தவனிடம் இதை விடக்கூடாது என்று தோன்றியது. டீச்சர் பள்ளியிலிருந்து வர இன்னும் நேரமிருக்கிறது. மாமனார் என்னைப் பார்க்கிறார். அந்தப் பெண் அங்கே காத்திருக்கிறாள். விசைப்பலகையை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். வணக்கத்தை மட்டும் நான் போட்டுவிட்டேன்.

அன்புள்ள பபட்டுங்குடு, வணக்கம். உங்கள் பெயரின் பொருள்