பருத்தித் துணி மாதிரி

மூன்றாம் வகுப்பு அறிவியல் வாத்தியார் பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஜட்டி புதைக்கப் போகிறார் என்ற செய்தி எட்டியதும், தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"யாரோடது சார்?"

"புதுசுதான் மேடம். கடையில வாங்கப்போறேன்."

"எதுக்கு?"

"மண்ணுல நுண்ணுயிர் இருந்தா பருத்தியைத் தின்னுடும். இல்லேன்னா துணி அப்படியே கிடக்கும். மண்ணுக்கு உசுரு இருக்கான்னு பிள்ளைங்க கண்ணால பாக்கலாம்."

"கைக்குட்டையைப் புதைச்சா ஆகாதா?"

"கைக்குட்டை மொத்தமா மறைஞ்சுட்டா, யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லுவாங்க. இதுல இடுப்பு எலாஸ்டிக் மிஞ்சும் மேடம். சாட்சி."

தலைமையாசிரியை பெற்றோருக்குப் போகும் கடிதத்தில் 'பருத்தித் துணி மாதிரி' என்று போட்டுக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்திட்டார்.

வாத்தியார் அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. குடியிருப்புக்காரர்கள் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்ட அந்தப் பொதுத் தோட்டத்தில், மூலைப் பாத்தி அவருடைய மனைவியுடையது. வருஷக்கணக்கில் காய்கறித் தோலும் காய்ந்த இலையும் போட்டுப் போட்டு அந்த மண்ணை வளர்த்தாள். போன வருஷம் அவள் இறந்துபோனாள். பிறகு வாத்தியார் விதைத்துப் பார்த்தார். விதை முளைத்தலைப் பாதி ஆயுள் பாடம் நடத்தியவர் கையில் ஒன்றும் முளைக்கவில்லை. பாதி அழுகியது, மீதியை எறும்பு கொண்டுபோனது.

அந்த மூலையில் தண்ணீர்த் தொட்டி கட்டத் தோட்டச் சங்கம் முடிவு செய்தது. சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அடுத்த பாத்தி அவருடையதுதான்.

"மனசுல வச்சுக்காதீங்க சார். விளையற இடத்துலயா கட்டுறோம்? அது செத்த மண்ணு" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்கப்புறம் தொட்டியின் கொள்ளளவைப் பற்றி வெகுநேரம் பேசினார்.

அந்த மண் சாகவில்லை என்று காட்டினால் தொட்டியை வேறு இடம் மாற்றலாம் என்று சங்கத்தில் பேச்சு. வாத்தியார் அதைப் பிடித்துக்கொண்டார்.

கடையில் "என்ன சைஸ்?" என்று கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அது அவளுடைய இலாகா. கடைக்காரர் கண்ணாலேயே இடுப்பை அளந்து இரண்டு எடுத்துவைத்தார். மண் போட்டுக்கொள்வதற்கு எந்த அளவாயிருந்தால் என்ன என்று வாத்தியார் வாங்கி வந்துவிட்டார்.

ஒன்றை அவள் பாத்தியில் புதைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றை டிரைவரின் பாத்தியில் புதைத்தார்கள். மூட்டை மூட்டையாக உரம் போட்ட மண் அது என்று டிரைவர் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து மறுபடி வரிசையாக வந்து தோண்டினார்கள்.

மூலைப் பாத்தி ஜட்டி அப்படியே வந்தது. உதறினால் போட்டுக்கொள்ளலாம்.

"பாத்தீங்களா சார்?" என்றார் டிரைவர், வருத்தமாகத்தான்.

அடுத்ததையும் எடுத்தார்கள். அதுவும் அப்படியே இருந்தது.

வகுப்பில் 'வக்கீல்' என்று பெயரெடுத்த ஒரு சிறுமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப உங்க மண்ணும் செத்துப்போச்சா, டிரைவர் தாத்தா?"

"அதெப்படிம்மா? என் கத்தரிக்காயைப் பாரு, எப்படிக் காய்ச்சிருக்கு!"

"சார்தான் சொன்னாரு, முழுசா இருந்தா செத்த மண்ணுன்னு."

"ஏய், வாயாடி! சார், இந்தச் சோதனையே தப்பு. மறுபடி வைங்க. அதுவரைக்கும் தொட்டி வேலையை நான் நிறுத்திவைக்கிறேன்."

அன்று மாலை வாத்தியார் அந்தத் துணியிலிருந்து ஒரு நூலை உருவி, அடுப்பில் காட்டினார். சாம்பலாகவில்லை; உருகிச் சின்ன மணியாகத் திரண்டது. பாலியெஸ்டர் கலப்பட நூல், நுண்ணுயிர் தின்னாது. மனைவி இதைக் கடையிலேயே செய்வாள். நூலை உருவிவிட்டுக் கடைக்காரரிடமே தீப்பெட்டி கேட்பாள். அந்த வெட்கத்துக்குப் பயந்து அவர் வாசலுக்குப் போய்ப் போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அலமாரியின் கீழ்த்தட்டில் மூன்று ஜட்டிகள் கொண்ட ஒரு பொட்டலம் இருந்தது. அவள் கடைசியாக அவருக்கு வாங்கியது. விலை தெரிந்தால் அவர் முனகுவார் என்று விலைச் சீட்டை நகத்தால் பாதி சுரண்டியிருந்தாள். மீதிக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரு வருஷமாக அவர் ஓட்டை விழுந்த பழையதையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார், அதைப் பிரிக்காமல்.

அடுத்து வேறு கடைக்குப் போய்த் தீப்பெட்டி கேட்கலாமா என்று யோசித்தார். அந்தத் துணிச்சல் அவருக்கு வராது. பொட்டலத்தைப் பிரித்தார்.

மறுபடி இரண்டு மாதம். மறுபடி கடிதம், பருத்தித் துணி மாதிரி.

முதலில் டிரைவரின் பாத்தி. துணி அங்கங்கே அரித்து, கொசுவலை மாதிரி வந்தது. டிரைவர் நிம்மதியாக மூச்சு விட்டார். "உசுரு இருக்குல்ல? இப்ப என்னம்மா சொல்றே?"

பிறகு மூலைப் பாத்தி. வாத்தியார் தானே மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். ஒரு முழம் தோண்டியும் ஒன்றும் தட்டுப்படவில்லை. கையை விட்டுத் துழாவினார். விரலில் ஒரு எலாஸ்டிக் பட்டை மாட்டியது. அதோடு கூடத் தொங்கிய தையல் நூலில் மண்புழு ஒன்று சுற்றியிருந்தது.

"சார்," என்றாள் வக்கீல், "ஜட்டியையே காணோம்."

"ஆமா."

"உங்க வீட்டு அம்மா மண்ணு எல்லாத்தையும் தின்னுடுச்சு சார்."

"ஆமாம்மா."

டிரைவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "தொட்டியை வாசல் கேட் பக்கம் தள்ளிக்கலாம் சார். அங்கதான் வெயிலே படாது, ஒண்ணும் விளையாது." கொஞ்சம் பொறுத்து, "விதைக்கிறது மட்டும் நீங்க வேணாம். நான் வந்து போட்டுத் தர்றேன்" என்றார்.

வாத்தியார் புழுவைப் பார்த்துப் பிரித்துக் குழிக்குள் விட்டார். எலாஸ்டிக்கை வகுப்பில் காட்சிக்கு வைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். தலைமையாசிரியையைக் கேட்க வேண்டும் என்றார்.

பொட்டலத்தில் மிஞ்சியிருந்த மூன்றாவதை மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனார். அளவு சரியாக இருந்தது.